அத்தியாயம் 6: ஊருக்குப் போகிறவர்களின் நாய்

சென்னையில் நாய் வளர்ப்பவர்கள் மொத்தமாக ஊரைக் காலி செய்யும் காலங்கள் நமக்கு முன்பே தெரியும்: பொங்கல் வாரம், மே மாதப் பள்ளி விடுமுறை, தீபாவளி, ஆவணியிலும் தையிலும் வரும் பெரிய முகூர்த்தங்கள். இவற்றுக்கு வெளியே இரண்டு வகை அழைப்புகள் உண்டு. ஒன்று இரவு பதினொன்றரைக்கு வருவது: “ஊர்ல பெரியப்பா தவறிட்டாருங்க. இப்பவே கார்ல கிளம்பறோம். நாயைக் கொண்டாந்து விடட்டுமா?” இன்னொன்று, மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் பெற்றோருடையது. போனால் ஐந்தாறு மாதம். பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள், பதினோரு வயது லாப்ரடாரை யார் பார்த்துக்கொள்வார் என்று கையைப் பிசைவார்கள்.

மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. பண்டிகைக்கு வரும் நாயை ஒரு மாதம் முன்பே பார்த்து முடிவு செய்யலாம். நள்ளிரவு நாயை, ஏற்கெனவே உங்கள் வீட்டில் தங்கிப் பழகியதென்றால் மட்டும் வாங்குங்கள். ஆறு மாதம் தங்கும் நாய்க்கு எழுத்தில் சில கூடுதல் நிபந்தனைகள் வேண்டும், பின்னால் சொல்கிறேன். ஹோம் போர்டிங்கில், அதாவது பிறர் நாயை உங்கள் வீட்டில் தங்கவைப்பதில், வரும் தொல்லைகளில் பெரும்பகுதி, உள்ளே விட்டிருக்கவே கூடாத நாயை உள்ளே விட்டதால் வருவது. அதனால் நாய் உங்கள் வாசற்படி ஏறுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

உங்கள் வீடு தாங்குமா?

வயதான நாய், தனியாகத் தூங்கியே பழக்கமில்லாத நாய், தினமும் மாத்திரை சாப்பிடும் நாய், சின்ன இன நாய் ஆகியவற்றுக்கு வீடு நல்ல இடம். மனித நடமாட்டம், மின்விசிறிச் சத்தம், சமையல் வாசனை எல்லாம் அவற்றுக்குப் பழகியவை. மற்ற நாயைக் கண்டாலே பாயும் நாய்க்கு, தனித்தனி அடைப்புள்ள நல்ல கென்னல்தான் பாதுகாப்பு. இதை உரிமையாளரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா என்பதை முதலில் பாருங்கள். பூஜை அறைப் பக்கம் நாய் வரக்கூடாது என்று மாமியார் சொன்னால் அங்கே ஒரு தடுப்புக் கதவு போடுங்கள். “பார்த்துக்கலாம் அத்தை” என்ற வாக்குறுதி இரண்டாம் நாளே உடையும். ஐந்து வயது நிறையாத குழந்தை இருக்கும் வீட்டில் தெரியாத நாயைத் தங்கவைக்க நான் சம்மதிக்க மாட்டேன். நாய் எவ்வளவு சாதுவானாலும் சரி.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். நாய் வளர்க்கக் கூடாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அது சொந்த நாய் வைத்திருப்பவருக்குத் துணை. வாரம் ஒரு புது நாயைக் கூட்டிவரும் தொழிலுக்கு அதைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். சங்கச் செயலாளர், எதிர் வீடு, கீழ் வீடு மூவரிடமும் முன்பே பேசிவிடுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதத்தை வாட்ஸ்அப் செய்தியாகவாவது வாங்கி வையுங்கள்.

இனி கதவுகள். இந்தத் தொழிலில் நேரக்கூடிய மிக மோசமான விபத்து, நாய் தப்பி ஓடுவது. தன் வீட்டிலிருந்து ஓடிய நாய்க்குத் தெரு தெரியும்; சுற்றிவிட்டு வந்துவிடும். உங்கள் வீட்டிலிருந்து ஓடும் நாய் பழைய வீட்டைத் தேடி ஓடும், அந்த வீடு தாம்பரத்தில் இருந்தாலும். ஆகவே நாய்க்கும் தெருவுக்கும் நடுவே எப்போதும் இரண்டு கதவுகள் இருக்க வேண்டும். தனி வீட்டில் கேட்டும் முன்கதவும். அடுக்ககத்தில் கிரில் கதவும் மரக்கதவும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. பால்காரர், கூரியர், சிலிண்டர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, யார் மணி அடித்தாலும் நாய் உள்ளறைக்குப் போன பிறகே கதவு திறக்க வேண்டும். கொசுவலைக் கதவு கணக்கில் சேராது. நடுத்தர நாய் ஒன்று அதைக் கிழித்துக்கொண்டே போய்விடும். பால்கனிக் கம்பி இடைவெளியை ஷிட்சூவின் தலையை நினைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். மொட்டை மாடியில் எந்த நாயையும் தனியாக விடாதீர்கள்.

எலி விஷக் கேக், அந்துருண்டை, கொசுவர்த்தி, மாத்திரை டப்பா எல்லாம் மூடிய அலமாரிக்குப் போகட்டும். தோட்டத்தில் அரளி இருந்தால் வேலி போடுங்கள். சம்ப் மூடி சரியாக உட்கார்கிறதா என்று பாருங்கள்.

எத்தனை நாய்கள்? புதிதாகத் தொடங்குபவர் ஒன்றோடு நிறுத்துங்கள். பழகிய பிறகும், உதவிக்கு ஆள் இல்லாமல் மூன்றைத் தாண்டுவது சரியில்லை. இங்கிலாந்தில் வீட்டில் நாய்களைத் தங்கவைக்க உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும். 2018இல் வந்த விதிகளின்படி, தேவைப்பட்டால் பிரித்து வைக்க ஒவ்வொரு நாய்க்கும் ஓர் அறை இருக்க வேண்டும்; வெவ்வேறு வீட்டு நாய்களை ஒன்றாக விட உரிமையாளர்களின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். இங்கே நம்மை யாரும் கேட்காவிட்டாலும் இந்த இரண்டையும் நாமாகவே கடைப்பிடிக்கலாம். இரண்டு படுக்கையறை வீட்டில் நான்கு நாய்களுக்கு எப்படி இடம் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாயைப் பார்க்கும் நாள்

உரிமையாளர் மட்டும் வந்து பேசிவிட்டுப் போவதில் பயனில்லை. நாயோடு வரட்டும். உங்களிடம் சொந்த நாய் இருந்தால் இரண்டும் முதலில் சந்திப்பது தெருமுனையில் இருக்கட்டும். ஆளுக்கொரு கயிறாகப் பிடித்து, பத்தடி இடைவெளியில் ஒரே திசையில் இருபது நிமிடம் நடங்கள். நேருக்கு நேர் நிறுத்தி முகத்தோடு முகம் வைக்காதீர்கள். நடந்து களைத்த பிறகு பின்பக்கம் மோப்பம் பிடிக்க விட்டால் போதும். வீட்டுக்குள் விருந்தாளி முதலில் நுழையட்டும், வீட்டு நாய் பிறகு வரட்டும். அதற்கு முன்பே தட்டு, பொம்மை, எலும்பு எல்லாவற்றையும் தரையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பிறகு கேள்விகள். “கடிக்குமா?” என்று கேட்காதீர்கள். “ஐயோ, கடிக்கவே கடிக்காதுங்க, குழந்தை மாதிரி” என்ற பதில்தான் எல்லோரிடமிருந்தும் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்களைக் கடிக்காத நாய் யாரையும் கடிக்காது என்று உண்மையாகவே நம்புகிறார்கள். கேள்வியை இப்படி மாற்றுங்கள்: “கடைசியா யாரைப் பார்த்து உறுமினான்? அப்ப அவன் பக்கத்துல என்ன இருந்தது?” உடனே விவரம் கொட்டும். சாப்பிடும்போது மட்டும் கிட்டே போகக் கூடாது, சோஃபாவிலிருந்து இறக்கினால் பிடிக்காது, ஹெல்மெட் போட்டவரைக் கண்டால் பாய்வான், நகம் வெட்டவே விடமாட்டான். உங்களுக்கு வேண்டியது இதுதான்.

தனியாக எத்தனை மணி நேரம் இருந்திருக்கிறது, தூங்குவது எங்கே, கதவு திறந்தால் ஓடுமா, இடிச் சத்தத்துக்கு என்ன செய்யும் என்றும் கேளுங்கள். எங்கே சிறுநீர் கழித்துப் பழக்கம் என்பதை மறக்காமல் கேளுங்கள். மொட்டை மாடிச் சிமெண்டுத் தரையில் போய்ப் பழகிய நாய், உங்கள் தெரு மண்ணில் காலைத் தூக்காமல் ஒரு நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கும். எந்தச் சொல்லுக்கு என்ன செய்யும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் தெலுங்கு பேசினாலும் சௌராஷ்டிரம் பேசினாலும் சென்னை நாய்கள் பலவற்றிடம் ‘கம்’, ‘சிட்’, ‘நோ’ என்று ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள்.

இனத்தைப் பார்த்து ஏற்பதும் மறுப்பதும் தேவையில்லை. ஆனால் இனத்துக்கேற்ற முன்னேற்பாடு வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி வேட்டை நாய்களுக்குத் தலை குறுகலானது. பயந்து பின்வாங்கினால் சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளும். அதன்பின் அதைத் துரத்திப் பிடிக்க மனிதரால் ஆகாது. இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டையோ நல்ல ஹார்னெஸ்ஸோ போட்டு வரச்சொல்லுங்கள். ராஜபாளையம் நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கூப்பிட்டுத் திரும்பவில்லை என்றால் அதைத் திமிர் என்று நினைக்காதீர்கள். பக் வகைக்கு வெயில் எமன். ஹஸ்கிக்கு இரவு பகலாக ஏசி ஓட வேண்டும் என்பார்கள். மின்கட்டணம் யார் கணக்கில் என்று அப்போதே பேசிவிடுங்கள். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்கள் புது மனிதரிடம் ஒட்ட நாள் எடுக்கும். அவற்றுக்குக் கதவு விஷயத்தில் இரட்டை எச்சரிக்கை.

எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், நீண்ட பயணத்துக்கு முன் ஓர் இரவு ஒத்திகைக்கு விடச்சொல்லுங்கள். உரிமையாளர் ஊரிலேயே இருக்கும்போது இது நடக்க வேண்டும். அழுகை தாங்கவில்லை என்றால் காலையில் அழைத்துப் போக ஆள் இருக்கும். சிங்கப்பூர் விமானம் ஏறிய பிறகு இது முடியாது. ஒத்திகைக்கு நேரமில்லை என்பவருக்கு உங்கள் வீட்டில் இடமில்லை.

மருந்துச் சீட்டும் உண்ணியும்

தடுப்பூசிப் புத்தகத்தை அட்டையோடு பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் குப்பி லேபிள், போட்ட தேதி, மருத்துவரின் கையெழுத்து எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். வெறிநோய் ஊசி போட்டு ஓராண்டு தாண்டியிருக்கக் கூடாது. டிஸ்டெம்பர், பார்வோ, ஹெபடைடிஸ், லெப்டோஸ்பைரோசிஸ் சேர்ந்த கூட்டு ஊசியும் நடப்பில் இருக்க வேண்டும். கிளினிக்கில் ‘செவன் இன் ஒன்’, ‘நைன் இன் ஒன்’ என்பார்கள். பல வீட்டு நாய்கள் சேரும் இடம் என்பதால் கென்னல் காஃப் ஊசியையும் கேளுங்கள். “நேத்துதான் சார் போட்டோம்” என்றால் போதாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் வரை ஆகும்.

குட்டிகள் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தொடர் ஊசிகள் முடியாத, நான்கு மாதம் நிறையாத குட்டியை ஏற்காதீர்கள். பார்வோ கிருமி மண்ணிலும் தரை இடுக்கிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வழக்கமான ஃபினாயிலுக்கு மசியாது. ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால்தான் போகும்.

உண்ணி விஷயத்தில் கண்டிப்பு காட்டாதவர்கள் இந்தத் தொழிலை விட்டுவிடலாம். சென்னையில் உண்ணிக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுக்க உண்டு. வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கி, கட்டில் இடுக்கிலும் சுவர் விரிசலிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு விருந்தாளி கொண்டுவந்த உண்ணி, அவர் போன பிறகு அடுத்து வரும் எல்லோரையும் கடிக்கும். எர்லிக்கியா, பேபீசியா என்ற இரத்த நோய்களை அது பரப்பும். கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சலே தெரியும். அதற்குள் நாய் வீடு திரும்பியிருக்கும். பழி உங்கள்மேல் வரும், நியாயமாகவும் இருக்கலாம். ஆகவே வருவதற்கு இரண்டு நாள் முன்பாவது நெக்ஸ்கார்ட், பிரேவெக்டோ போன்ற மாத்திரை ஒன்றை மருத்துவர் சொன்ன எடைக்கு ஏற்பக் கொடுத்திருக்க வேண்டும். வந்ததும் வாசலிலேயே காதுக்குள், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், தொடை இடுக்கு ஆகிய நான்கு இடங்களையும் உரிமையாளர் முன்னிலையில் தடவிப் பாருங்கள்.

கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் கடைசியாகச் சூடு வந்த தேதியைக் கேளுங்கள். பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும், மூன்று வாரம் வரை நீடிக்கும். அந்தக் கணக்கு தங்கும் நாட்களோடு மோதினால் மறுத்துவிடுங்கள். உங்கள் தெருவின் ஆண் நாய்கள் அனைத்தும் வாசலில் கூடும்.

எழுதி வாங்குங்கள்

தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒரு பக்கத் தாள் போதும். வரும் தேதி, போகும் தேதி, கட்டணம், முன்பணம், சாப்பாட்டு நேரம், மருந்து எல்லாம் அதில் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பலரும் விட்டுவிடும் வரிகளை மட்டும் சொல்கிறேன்.

உரிமையாளர் விமானத்தில் இருக்கும்போது முடிவெடுக்கச் சென்னையிலேயே இருக்கும் இன்னொருவரின் பெயரும் எண்ணும். கேட்காமலே சிகிச்சைக்கு எவ்வளவு ரூபாய் வரை செலவழிக்கலாம் என்ற தொகை. வயதான நாய் என்றால் இன்னொரு கடினமான கேள்வி: காப்பாற்ற முடியாது என்று மருத்துவர் சொன்னால் கருணை ஊசி பற்றி யார் முடிவு சொல்வது, உடலை என்ன செய்வது? பதினோரு வயது நாயை ஆறு மாதம் விட்டுப் போகும் பெற்றோரிடம் இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும். கேட்டால் பெரும்பாலானவர்கள் நிம்மதிதான் அடைகிறார்கள். நீண்ட காலத் தங்கலுக்குக் கட்டணத்தை மாத முதல் தேதியில் வாங்குங்கள். சொன்ன தேதி தாண்டி எத்தனை நாள் வரை தொடர்பே இல்லாவிட்டால் அந்த இரண்டாவது நபர் நாயைக் கூட்டிப்போவார் என்றும் எழுதுங்கள். நாயை விட்டுவிட்டுத் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். மைக்ரோசிப்பும் பொருத்தச் சொல்லியிருக்கிறார்கள். உரிமத்தின் நகலையும் சிப் எண்ணையும் வாங்கி வையுங்கள். தெருவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் நீங்கள்தான். யாராவது கேட்டால் உங்களைத்தான் கேட்பார்கள்.

முதல் இரண்டு நாள்

நாயைக் காலையில் கொண்டுவரச் சொல்லுங்கள். புது வீட்டைப் பகல் வெளிச்சத்தில் மோந்து பார்த்துச் சுற்றிவிட்டால் இரவு ஓரளவு அடங்கும். துவைக்காத பழைய விரிப்பு ஒன்று, உரிமையாளர் உடுத்திய சட்டை ஒன்று கூடவே வரட்டும். விடைபெறுதல் சுருக்கமாக இருக்க வேண்டும். கட்டிப்பிடித்து அழுதுகொண்டு பத்து நிமிடம் நின்றால் நாய்க்கு ஏதோ ஆபத்து என்றுதான் தோன்றும். தண்ணீர்த் தட்டை வைத்துவிட்டு, “சரிங்க, நீங்க கிளம்புங்க” என்று நீங்களே முடித்துவையுங்கள்.

கேட் மூடியதும் உங்கள் அலைபேசி எண் பொறித்த வில்லையை அதன் கழுத்துப்பட்டையில் மாட்டுங்கள். அதில் இருக்கும் உரிமையாளரின் எண், அவர் வெளிநாட்டில் இருக்கும்போது எதற்கும் உதவாது. நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரமெல்லாம், முதல் நாள் முழுக்க, வீட்டுக்குள்ளும் மெல்லிய கயிறு ஒன்று அதன் பின்னால் தரையில் இழுபடட்டும். கதவை நோக்கிப் பாய்ந்தால் கயிற்றை மிதித்து நிறுத்தலாம். கழுத்தைப் பிடிக்கப் போய்க் கடி வாங்க வேண்டியதில்லை.

முதல் நாள் பல நாய்கள் சாப்பிடாது. நன்றாக வளர்ந்த, ஆரோக்கியமான நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் பயமில்லை, தண்ணீர் குடித்தால் சரி. தட்டை இருபது நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள், கெஞ்சி ஊட்டாதீர்கள். இரண்டாம் நாளும் தொடவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். முதல் ஓரிரு நாள் மலம் இளகி, சளி கலந்தாற்போல் வருவது இடமாற்றப் பதற்றத்தில் நடப்பதுதான். இரத்தம் கலந்தாலோ வாந்தியும் சேர்ந்தாலோ காத்திருக்காதீர்கள்.

இரவுதான் சோதனை. இருட்டில், தெரியாத ஹாலில் தனியாக விட்டால் அழும். பக்கத்து வீட்டு விளக்கு எரியும். முதல் இரவுகளில் உங்கள் அறையிலேயே, கட்டிலுக்குக் கீழே அதன் விரிப்பைப் போடுங்கள். வீட்டில் அது கட்டிலிலேயே தூங்கிப் பழகியிருந்தால் என்ன செய்வதென்று பார்க்கும் நாளிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். ஆண் நாய் திரைச்சீலையில் காலைத் தூக்கினால் அதட்டாமல் வெளியே கூட்டிப்போங்கள். அந்த இடத்தைத் தண்ணீர் கலந்த வினிகரால் துடையுங்கள். அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம்; அந்த வாடை மறுபடியும் அங்கேயே கூப்பிடும்.

நடைக்குப் போகும்போது உங்கள் தெரு நாய்களை மறக்காதீர்கள். உங்களை அவை அறியும், விருந்தாளியை அறியாது. விடிகாலை ஐந்து மணியளவில், அவை கூட்டமாக நிற்கும் முனையைத் தவிர்த்து, சின்ன வட்டமாக நடந்து வந்தால் முதல் நாட்களுக்குப் போதும். பூங்காவில் கயிற்றை அவிழ்த்துவிடும் பேச்சே வேண்டாம், உரிமையாளர் எவ்வளவு உறுதி சொன்னாலும்.

தட்டில் என்ன?

வீட்டில் என்ன சாப்பிட்டதோ அதையே கொடுங்கள், அதே நேரத்தில். பெல்லட் என்றால் தங்கும் நாட்களுக்குத் தேவையானதோடு இரண்டு நாளைக்குக் கூடுதலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் சைவ வீடு, நாய் கோழிக்கறிச் சோறு என்றால் பார்க்கும் நாளிலேயே பேசிவிடுங்கள். உரிமையாளர் சமைத்து டப்பாக்களில் உறையவைத்துத் தருவார், அல்லது பெல்லட்டுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் கொண்டுவருவார். கறிச்சோற்று நாயை ஒரே நாளில் தயிர்சாதத்துக்கு மாற்றினால் வயிறு கெடும், மனமும் கெடும்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த மிட்டாய்கள் நாய்க்கு நஞ்சு. சாம்பாரில் வெங்காயமும் பாயசத்தில் உலர் திராட்சையும் இருப்பது வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்க வேண்டும். “பாவம், பாக்குதே” என்று தாத்தா ஒரு கரண்டி வைப்பதுதான் வழக்கம். மே மாதத்தில் மாங்கொட்டை. லாப்ரடார் அதை அப்படியே விழுங்கும், குடலில் போய் அடைக்கும், அறுவை சிகிச்சையில்தான் முடியும். குப்பைக் கூடைக்குப் பூட்டும் மூடி வாங்குங்கள். இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனி அறையில், கதவைச் சாத்திச் சாப்பாடு. இதில் விதிவிலக்கே வேண்டாம்.

வெயிலும் மழையும்

ஏப்ரலிலிருந்து ஜூன் வரை காலை ஏழுக்குள் ஒரு நடை, மாலை ஆறரைக்கு மேல் ஒரு நடை. தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். கடுமையாக இரைத்து, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறிக்கு அடியில் நிறுத்துங்கள். குளிரவைக்கத் தொடங்கிய பிறகே வண்டியில் ஏற்றுங்கள். மூடிய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தேரைகள் வரும். நாய் அதைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். தண்ணீர் உள்ளே இறங்காதபடி தலையைக் கவிழ்த்துப் பிடித்து வாயைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். தேங்கிய வெள்ளத்தில் நடக்கவிடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரில் லெப்டோ பரவும், அது மனிதருக்கும் வரும்.

தீபாவளி

2018இல் உச்ச நீதிமன்றம் நேரத்தைக் குறைத்ததிலிருந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான் பட்டாசு வெடிக்கலாம். உங்கள் தெரு அதை எந்த அளவுக்கு மதிக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பண்டிகைக்கு நான்கைந்து நாள் முன்பே சரவெடி தொடங்கிவிடும் என்று வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள்.

வெளிச்சுவர் இல்லாத உள்ளறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் இருந்தால் அதற்குக் கனமான போர்வை, உள்ளே மின்விசிறி, ஏசி, தொலைக்காட்சி மூன்றின் சத்தமும். கட்டிலுக்கு அடியில் புகுந்தால் அங்கேயே இருக்கட்டும், இழுக்காதீர்கள். பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டால் தடவிக் கொடுங்கள். அதனால் பயம் கூடிவிடாது. நடை அதிகாலை ஐந்துக்கு முன்பும் மதியமும் மட்டும், கழுத்துப்பட்டை, ஹார்னெஸ் இரண்டையும் போட்டு இரண்டு கயிற்றோடு. வெடிக்கு மிகவும் நடுங்கும் நாய்க்கு முன்கூட்டியே மருத்துவரிடம் பதற்றம் குறைக்கும் மாத்திரை எழுதி வாங்கி, சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்த்து வரும்படி உரிமையாளரிடம் சொல்லுங்கள். வெறும் மயக்க மருந்து உடம்பைத்தான் கட்டிப்போடும், பயத்தைப் போக்காது. தெரிந்தவர் கொடுத்த பாதி மாத்திரையெல்லாம் வேண்டாம்.

இந்தப் பண்டிகைக்குப் புதிய நாயை ஏற்காதீர்கள். ஏற்கெனவே தங்கிப் பழகியவை மட்டும்.

உடம்புக்கு வந்தால், கடித்தால்

பக்கத்துக் கிளினிக் எத்தனை மணி வரை, ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார், இரவில் எங்கே போவது என்பதை நாய் வருவதற்கு முன் விசாரித்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. வரிசை நீளும், சீக்கிரம் போங்கள். மனிதருக்கான பாராசிட்டமால், ஐபுப்ரொஃபென் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

நாய் யாரையாவது கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாயானாலும், பதினைந்து நிமிடம் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். உரிமையாளரிடம் அப்போதே சொல்லுங்கள். சின்னக் கீறலை மறைத்து, அது அவர் கண்ணில் பட்டால் அதோடு உங்கள் பெயர் போயிற்று.

தினசரிச் செய்தி பற்றி ஒரு வரி. மாலையில் ஒரு படம், சாப்பிட்டதா, மலம் எப்படி, தூக்கம் எப்படி, அவ்வளவு போதும். நள்ளிரவில் நியூஜெர்சியிலிருந்து வீடியோ அழைப்பு கேட்பார்கள். குரல் கேட்டதும் சில நாய்கள் ஆளைத் தேடி வீடெல்லாம் அலையும். காரணத்தைச் சொல்லி மறுக்கலாம், வருத்தப்பட மாட்டார்கள்.

அழைத்துப் போகும் நாள்

உரிமையாளர் வந்ததும் நாய் துள்ளிக் குதிக்கும், அல்லது கண்டுகொள்ளாமல் திரும்பி உட்காரும். இரண்டும் சகஜம், இரண்டாவதைப் பார்த்துக் கலங்குபவருக்கு ஆறுதல் சொல்லுங்கள். காருக்குள் ஏறிக் கதவு சாத்தும்வரை கயிறு கையில் இருக்கட்டும், அந்த மகிழ்ச்சிக் குழப்பத்தில்தான் கேட் திறந்து கிடக்கும். வீடு போனதும் நாள் முழுக்கத் தூங்கும், தண்ணீர் அதிகம் குடிக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எப்போது சாப்பிடவில்லை, எப்போது வயிறு இளகியது, எந்த நாயோடு உறுமல் வந்தது எல்லாவற்றையும் எழுதிய தாளைக் கையில் கொடுங்கள். இருமலோ காய்ச்சலோ இரண்டு வாரத்துக்குள் வந்தால் தெரிவிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் மற்ற நாய்களுக்காக அது தெரிய வேண்டும்.

பிறகு விரிப்புகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், தட்டுகளைக் கொதிநீரில் கழுவுங்கள், சுவர் ஓரங்களிலும் கட்டில் இடுக்கிலும் வேக்குவம் போட்டு உண்ணி தேடுங்கள். அடுத்த நாய்க்கு முன் ஒரு நாள் முழுசாகக் காலியாக விடுங்கள், பொங்கல் வாரமானாலும். அந்த நாளின் வருமானம் போகிறதே என்று தோன்றினால் உங்கள் கட்டணம் குறைவாக இருக்கிறது என்று பொருள். அதையும் சேர்த்துத்தான் கட்டணம் நிர்ணயிக்க வேண்டும்.